ஊருக்கொரு சிவப்பு, வீட்டுக்கொரு சிவப்பு

மேல்காற்று எழுந்து, பனைகளின் காய்ந்த மட்டைகளை உராய்ந்து ஒலியெழுப்பி, வற்றிய ஏரியின் வண்டலைத் தடவி, நெடுஞ்சாலையின் செம்புழுதியை வாரிக்கொண்டு கிழக்கே கடலை நோக்கி விரையும் ஆடித் திங்களின் இளங்காலைப் பொழுது அது. தன் பெயரிலேயே பூவைச் சூடிக்கொண்ட பூவிருந்தவல்லியைச் சூழ்ந்த மல்லிகைத் தோட்டங்களில், கதிரவன் முகங்காட்டுமுன்பே அரும்பு கொய்து முடித்த பெண்டிர், ஈரத்துணியால் கூடைகளை மூடி, பெங்களூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியின் ஓரத்தில் வண்டிகளுக்காகக் காத்து நின்றனர். குமணன்சாவடியில் வழி பிரியுமிடத்தில் மாடுகள் தொட்டியில் வாய்வைத்து நீர் உறிஞ்ச, வண்டிக்காரர்கள் அச்சுக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தனர். அம்மனுக்குக் கூழ் வார்க்கும் திங்களாதலால் சிற்றூர்களின் வாயில்தோறும் வேப்பிலை கட்டியிருந்தது. நாட்டை ஆண்டவர் வெள்ளையர். முதற்பெரும்போர் ஓய்ந்து, தடைபட்டிருந்த சீமைச் சரக்குகள் மீண்டும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

இதைப் படிக்கும் அறிவுடையீர், வண்டிகளையும் பூக்கூடைகளையும் விடுத்து அப்பெண்டிரின் நெற்றியைச் சற்று நோக்குங்கள். விடியுமுன் எழுந்து, செடிக்குச் செடி குனிந்து நிமிர்ந்து, உடல் முழுதும் வியர்த்திருந்தும், ஒருத்தியின் நெற்றியிலும் பொட்டுக் கலையவில்லை. அப்பொழுதுதான் இட்டது போல வட்டமாய், அடர்ந்த சிவப்பாய் அது நின்றது. முன்னாளில் அப்படி நிற்பதில்லை. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது, எதைத் தின்று அப்படி நிலைத்தது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. குங்குமம் என்பது வடசொல் என்று என்னைத் திருத்த எழுவோர் எழலாம்; செஞ்சாந்துப் பொடி என்று நான் எழுதினால் தமிழுக்கு நலமே. ஆயினும் குமணன்சாவடிக் கடைத்தெருவில் அப்பெயர் சொல்லிக் கேட்டால் நாளெல்லாம் நின்றாலும் ஒரு சிட்டிகை கிடைக்காது. ஆகவே அச்சொல்லுக்காக என்னைப் பொறுத்தருள்க.

குமணன்சாவடிக்கு வடக்கே ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், வேம்புலியம்மன் கோயில் வாயிலுக்கு நேர் எதிரே, குங்குமம் செய்து விற்றுவந்தான் கோதண்டம் என்பவன். நாற்பது அகவை கடந்தவன், மக்கட்பேறு வாய்க்காதவன், யாரையும் கடிந்து பேசாதவன், பொன்னம்மாள் என்னும் தன் மனைவியின்மீது ஊரார் நகைக்குமளவுக்கு அன்பு வைத்தவன். மஞ்சட்கிழங்கை நறுக்கி, வெண்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாற்றில் கரைத்து அதில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மீண்டும் ஊறவைத்து உலர்த்தி, கல்லுரலில் இடித்துச் சலித்து, நல்லெண்ணெய் சில துளி பிசிறி அவன் குங்குமம் செய்வான். மஞ்சளுக்குள் உறங்கிக்கிடக்கும் சிவப்பைக் காரம் தட்டியெழுப்பும் வேலை அது. எழுந்த சிவப்பு எந்தத் தோலையும் வருத்துவதில்லை. ஆனால் வெயிலும் வியர்வையும் தாக்கினால் அது சோர்ந்து மங்கி, உச்சிப் பொழுதுக்குள் பழுப்பும் மஞ்சளுமாய் மூக்கின்மேல் வழிந்துவிடும். "உன் குங்குமம் காலைல மகாலட்சுமி, மத்தியானம் மஞ்சக்காமாலை, அண்ணாத்தே!" என்று பூக்காரி எல்லம்மா ஒருநாள் கோயில் வாயிலில் எல்லாரும் கேட்கச் சொன்னாள். பெண்டிர் எல்லாரும் சிரித்தனர், கோதண்டமும் சிரித்தான். ஆனால் அவன் நெஞ்சில் அது நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது.

அடுத்த முறை வெண்காரம் வாங்கச் சென்னைக்குச் சென்றவன், சாயக்கடை ஒன்றில் தகரப் பேழைக்குள் இருந்த சீமைச் சிவப்பைக் கண்டு நின்றுவிட்டான். நிலக்கரியிலிருந்து இறக்கிய கீலைக் காய்ச்சி, வடித்து, காரப் புளிப்பு நீர்களோடு கூட்டி மேலைநாட்டார் ஆக்கிய சாயம் அது. பூவையோ வேரையோ கிழங்கையோ அது ஒருநாளும் கண்டதில்லை. "இது மெழுகுக்கும் வெளக்கெண்ணெய்க்கும் போடற சாயம், நைனா. தண்ணில போட்டா கல்லு மாதிரி கெடக்கும். எண்ணெய்ல போட்டா ஓடிப் பரவும். கையில ஒட்டுச்சின்னா லேசுல போவாது" என்றான் கடைக்காரன். எச்சரிக்கையாகச் சொன்ன சொல்லைக் கோதண்டம் புகழுரையாகக் கேட்டான். "அதான் வோணும்" என்றான். நீரில் கரையாதது வியர்வையில் வழியாது என்று அவன் எண்ணியது சரியே. எண்ணெயில் கரைவது, எண்ணெய்ப்பசை ஊறும் மாந்தர் தோலுக்குள்ளும் கரைந்து இறங்கும் என்பதை அவன் எண்ணவில்லை.

அறியாமல் செய்துவிட்டான் என்று அவனுக்காக இவ்விடத்தில் யாரும் வழக்காட முந்தவேண்டா. அரிசி மாவில் அச்சாயத்தை எண்ணெயோடு சேர்த்துப் பிசைந்த முதற்கிழமையிலேயே அவன் விரலிடுக்குகள் அரித்தன, அரிப்புக் கொப்புளமாயிற்று, கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. "சுண்ணாம்பு பட்டுடுச்சி" என்று மனைவியிடம் சொன்னான். அதன்பின் கையால் தொடாமல் மரக்கரண்டியால் பிசையக் கற்றுக்கொண்டான். அதோடு நில்லாமல், பொன்னம்மாளுக்கு மட்டும் பழைய முறைப்படி மஞ்சளில் இடித்த குங்குமத்தைத் தனிச் செப்பில் இட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, "ஊட்டுக்கு இது போதும், குளுமையா கீது" என்றான். கணவன் தனக்கென்று தனியே இடித்துத் தருகிறானே என்று அப்பேதை மகிழ்ந்தாள். ஊருக்கு ஒரு சிவப்பு, வீட்டுக்கு ஒரு சிவப்பு. அந்தச் செப்பை மூடிய அன்றே தான் செய்வது இன்னதென்று அவன் அறிந்திருந்தான். அறிந்ததை ஒரு மூலையில் போட்டு மூடிவைத்தான், அவ்வளவே.

புதுச் சிவப்பின் புகழ் பூவிருந்தவல்லி வரை பரவிற்று. களையெடுப்பவள் நெற்றியிலும் கலையாமல், கண்ணீர் விட்டவள் நெற்றியிலும் கரையாமல் நின்றதென்று பெண்டிர் வியந்தனர். கோயிற் பூசாரி அய்யாசாமி அதையே அம்மன் திருவடியில் வைத்து வருவோர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். இனி இந்நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நெற்றியில் அரிப்போ சிரங்கோ தோன்றினால் எங்கள் பக்கத்துப் பெண்டிர் மருத்துவனிடம் ஓடுவதில்லை. அம்மன் குங்குமத்தை வேப்பிலைச் சாற்றில் குழைத்து அவ்விடத்திலேயே பூசுவர். புண்ணை ஆக்கியதே புண்ணுக்கு மருந்துமாயிற்று. பூசப்பூச எரிந்தது, எரிய எரிய, அம்மன் சினந்தாளென்று இன்னும் பூசினர். எரிச்சல் ஓய்ந்து புண் காய்ந்தபின், அவ்விடத்தில் நிறம் திரும்பவில்லை, வெள்ளையாய் நின்றது. வெள்ளையைக் கண்டவள் வெண்குட்டமென்று நடுங்கி, கணவனுக்கும் காட்டாமல், அதே குங்குமத்தால் சற்றே பெரிய பொட்டிட்டு மறைத்தாள். பொட்டு வளர உள்ளே வெள்ளையும் வளர்ந்தது. தனக்கு மட்டுமே நேர்ந்த கேடென்று ஒவ்வொருத்தியும் வாய் திறவாமல் இருந்தாள்.

அவ்வாறு மறைத்தவர்களுள் ஒருத்தியே நாகவல்லி. கோதண்டத்தின் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளின் ஒரே மகள். தைத் திங்களில் பட்டாபிராமில் உழவர் குடியொன்றில் எத்திராஜ் என்னும் இளைஞனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தாய்வீட்டுச் சீரோடு கோதண்டத்தின் குங்குமமும் ஒரு பெரிய மரச்செப்பு நிறையச் சென்றது. அதையே மாமியார் முனியம்மாவும் மருமகளும் நாள்தோறும் இட்டனர். மணமான புதிதில் பொட்டுப் பெரிதாய் இருக்கவேண்டும் என்பது முனியம்மாவின் கட்டளை. ஆனித் திங்களில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய ஒருநாள், சீயக்காய் நுரையோடு பொட்டும் போய், மருமகளின் நெற்றி நடுவில் வெள்ளை வட்டம் மாமியார் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவ்வழக்கப்படி வேம்புலியம்மாள் மகளை அழைத்துவந்தாள். வந்த சில நாட்களில் பட்டாபிராமிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுச் சென்றான்: ஆடி போனாலும் அழைக்க வரமாட்டார்கள், கூழ் வார்க்கும் நாளில் வந்து, ஊராரையும் அம்மனையும் வைத்துத் தீர்த்துக்கொண்டு போவார்கள், எத்திராஜுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று.

நான் முதலிற் காட்டிய அந்த ஆடிக் காலையில் கோதண்டத்தின் கடைமுன் வந்து நின்றவள் அந்த நாகவல்லியே. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.

"அண்ணாத்தே, நல்லா கெட்டிச் செவப்பா குடு. லேசா வெச்சா வெள்ள தெரியுது."

கோதண்டம் அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் வாயிலிருந்து, அவனையும் கேளாமல், ஒரு சொல் நழுவிற்று.

"இன்னும் எரியுதா?"

"எரியுது... நான் யாருகிட்டயும் சொல்லலியே. நீ எப்டி கண்டுகினே?"

"மொகத்தப் பாத்தா தெரியாதா" என்று முணுமுணுத்து அவன் கலத்தின்மேல் குனிந்துகொண்டான். அப்பொழுதே சொல்லியிருக்கலாம். உள்ளே மனைவியின் செப்பை எடுத்து அவள் கையில் வைத்திருக்கலாம். ஆனால் மஞ்சட் குங்குமம் வெள்ளையை மறைக்காது. மறைக்கவில்லையே என்று அவள் கேட்டால் விடை சொல்லவேண்டும். விடை சொன்னால் கடை போகும், பெயர் போகும், அம்மன் நெற்றியிலிருந்தே அவன் சரக்கு இறங்கும். இத்தனையும் ஒரு நொடியில் எண்ணி, அந்தச் சீமைச் சிவப்பையே கைநிறைய அள்ளிக் கொடுத்தான். "துட்டு வோணாம், எடுத்துகினு போ" என்றும் சொன்னான். அந்த இலவசம் அவன் செய்த தீமைகளிலெல்லாம் இழிந்தது என்பேன் நான். நாகவல்லி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவுக்குப் பின்னே மஞ்சள் புடைத்துக்கொண்டிருந்த பொன்னம்மாளின் முறம் நின்றது. அவள் எழுந்து பக்கத்து வீட்டுக்குச் சென்றாள். நாகவல்லியின் தலையை மடியில் வைத்து, பொட்டை எண்ணெய்த் துணியால் ஒற்றியெடுத்து, அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து தன் வீட்டுக் கண்ணாடியில் தன் நெற்றியைத் துடைத்துப் பார்த்தாள். அதில் ஒரு வடுவும் இல்லை. உண்ண அமர்ந்த கணவன் இலையில் சோறு இட்டபின், எதிரே அமர்ந்து கேட்டாள்.

"நாகவல்லிக்கு எரியுதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வெள்ள நோவுன்னா கண்ட எடத்துல வரும். கையில வரும், ஒதட்டுல வரும். இது பொட்டு வெச்ச எடத்துல, பொட்டு மாதிரியே வட்டமா வந்துகீது. நோவுக்கு அளவெடுக்கத் தெரியுமா? எனக்கு மட்டும் எதுக்குய்யா தனிச் செப்பு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயல்வோர் உண்டு. கோதண்டம் அதற்கும் முயலவில்லை. கைகழுவி எழுந்துவிட்டான். அன்றிரவு முழுதும் தான் பேசாதிருந்ததே விடையாயிற்றென்று அவன் அறிவான்; இனி அவள் அழுவாள், சினப்பாள், ஒருநாள் இருநாளில் ஆறிப்போவாள் என்றும் எண்ணினான். மணமாகி இத்தனை ஆண்டுகளில் தன் மனைவியை அவன் அறிந்துகொண்டது அவ்வளவுதான்.

மறுநாட் காலையில் பொன்னம்மாள் குளித்து வந்து, கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்த தன் செப்பைத் தொடாமல், நேரே கடைக்குச் சென்று விற்பனைக் கலத்தில் விரல் தோய்த்து, நாகவல்லி இடுவது போலப் பெரிய பொட்டாய் இட்டுக்கொண்டாள்.

"அத வெக்காத, பொன்னு!" என்று பதறினான் கோதண்டம்.

"ஏன்? கோயில்ல குடுக்கற குங்குமந்தானே? ஊரே வெச்சிகினு கீது. நான் வெச்சா இன்னா?"

"சொன்னாக் கேளு."

"இன்னான்னு சொல்லு, கேக்கறேன். எனக்கு மட்டும் சொல்லாத. வேம்புலியம்மா ஊட்டு வாசல்ல நின்னு சொல்லு."

அவன் சொல்லவில்லை. அவள் நாள்தோறும் இட்டாள். முதலில் நெற்றி நடுவே சிவந்து தடித்தது. பின்பு நீர் கோத்தது. தூக்கத்தில் அவள் கை தானாக நெற்றிக்குச் சென்று சொறிவதையும், விழித்ததும் கையை இழுத்துக்கொள்வதையும் அவன் படுக்கையிலிருந்து பார்த்தான். அதன்பின்னும் காலையில் அந்தப் புண்ணின் மேலேயே அவள் பொட்டை இட்டாள். கலத்தை ஒளித்துவைத்தான்; கோயிலில் வாங்கி இட்டாள். காலில் விழுந்தான், "என் காலு எதுக்கு? அந்தப் பொண்ணு காலு பக்கத்து ஊட்லதான் கீது" என்றாள். பக்கத்து வீட்டில் நாகவல்லி சோறு இறங்காமல் மெலிந்தாள். அவள் கிணற்றங்கரைக்குப் போகும்போதெல்லாம் தாய் பின்னாலேயே ஓடினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பர். குறுகுறுப்பதோடு நிற்குமாயின் எத்துணை நன்று! கோதண்டத்துக்கு உண்ட சோறு கசந்தது, உறக்கம் போயிற்று. அப்படியிருந்தும் கடை திறந்தே இருந்தது. கூழ் வார்க்கும் நாள் நெருங்க நெருங்கச் சிவப்பு முன்னினும் மிகுதியாய் விற்றது.

கூழ் வார்க்கும் ஞாயிறு வந்தது. வேம்புலியம்மன் வாயிலில் கேழ்வரகுக் கூழ் பெரும்பானைகளில் நிறைந்திருக்க, உடுக்கை ஓய்ந்து, பூசாரி அய்யாசாமி தீபம் காட்டி முடித்திருந்தார். பட்டாபிராமிலிருந்து எத்திராஜும் முனியம்மாவும் உறவினர் சிலரும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினர். நாகவல்லி கொண்டுசென்ற சீர்ப் பித்தளைகளை அவர்கள் அம்மன் முன்னிலையில் ஒவ்வொன்றாய் ஓசையெழ இறக்கி வைத்தனர். வேம்புலியம்மாள் மகளை அணைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள்.

"வெள்ள வந்தவள ஊட்ல வெச்சிகினு நாங்க நாளைக்குப் பொண்ணு குடுக்கறதா, எடுக்கறதா?" என்றாள் முனியம்மா. "மறைச்சிக் கட்டி வெச்சிட்டாங்க. அம்மாவே பாத்து காட்டிக் குடுத்துட்டா. இத்தோட தீந்துது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு அதனினும் பெரிய சான்று வேண்டுமோ? பழி அம்மன்மேல் விழுந்தது, சுமந்தவள் நாகவல்லி, செய்தவன் கூழ்ப்பானைக்கு அப்பால் கைகட்டி நின்றான். பொன்னம்மாள் கூட்டத்துக்கு அப்பாலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளது பொட்டின் ஓரத்திலிருந்து நீர் கசிந்து புருவத்தில் இறங்கியது. அதைக் கண்டபோதுதான் அவன் கால்கள் நகர்ந்தன.

"அம்மா காட்டிக் குடுக்கல" என்றான். "அம்மா இல்ல. நான். நான் விக்கிற குங்குமம் மஞ்சள்ல செஞ்சது இல்ல. சீமைச் சாயம். தோலத் திங்குது. வெள்ளையாக்குது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்."

"ஒளறாத, கோதண்டம்!" என்றார் பூசாரி. "அம்மா நெத்தியில கீற குங்குமம் அது."

முனியம்மா கைகொட்டிச் சிரித்தாள். "பக்கத்து ஊட்டுக்காரன் பரிதாபப்பட்டுப் பேசறான். இதுக்கெல்லாம் ஏமாறுவமா?"

உண்மையைச் சொன்னவனை ஊர் நம்பவில்லை. பொய்யை விற்ற நாளெல்லாம் அவனை நம்பிய ஊர் அது. அப்பொழுது பொன்னம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மனுக்கு நேர் எதிரே நின்று, சேலைத் தலைப்பை அம்மன் விளக்கின் எண்ணெயில் தோய்த்து, தன் நெற்றிப் பொட்டை ஒரே இழுப்பில் அழித்தாள். வட்டமான புண் செக்கச்செவேலென்று திறந்து நின்றது. ஆனால் கூட்டம் கண்டு அலறியது புண்ணையன்று. கணவன் உயிரோடு எதிரே நிற்க, அம்மன் வாயிலில், நிறைந்த நாளில், மணமான ஒருத்தி தன் பொட்டைத் தன் கையால் அழிப்பதை அவ்வூரார் அதுவரை கண்டதில்லை. அது கைம்மை கொள்ளும் நாளில் செய்விப்பது. "ஐயோ, புருசன் எதுர்ல! பாவி!" என்று பல குரல்கள் எழுந்தன.

"நான் வெச்சது சில நாளுதான்" என்றாள் பொன்னம்மாள். "மாசக்கணக்கா வெச்சவங்க இங்க எல்லாரும் கீறீங்க. அம்மா எதுர்ல பொய் வோணாம். தொடைச்சிக் காட்டுங்க."

யாரும் அசையவில்லை. நாகவல்லியே முதலில் வந்தாள். அதே எண்ணெயில் விரல் தோய்த்து, கண்களை மூடி, துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின் நெடுநேரம் யாருமில்லை. பிறகு பூக்காரி எல்லம்மா, தன் கணவன் பக்கம் திரும்பாமல், கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்துவந்து துடைத்தாள், உள்ளே வெள்ளை. அதன்பின் ஒருத்தி, அவளருகே நின்றவள், அவள் ஓரகத்தி, பூசாரியின் மகள் என்று ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். சில நெற்றிகள் நன்றாயிருந்தன, சிலவற்றில் புண், பலவற்றில் சிறிதும் பெரிதுமாய் வெள்ளை வட்டங்கள். ஒவ்வொருத்தியும் தன் நெற்றியைத் துடைத்தபின் அடுத்தவள் நெற்றியைப் பார்த்தாள். பார்த்து, வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். எத்தனை திங்களாய் ஒரே கிணற்றில் நீர் இறைத்து, ஒரே வரப்பில் நடந்து, ஒரே அச்சத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமந்திருந்தனர் என்பதை எண்ண, எழுதும் எனக்கும் நெஞ்சு கனக்கிறது.

முனியம்மா மட்டும் துடைக்கவில்லை. அவள் கை நெற்றியின்மேல் சென்று மூடிக்கொண்டது. எத்திராஜ் தாயின் கையையே பார்த்தான். பிறகு மெல்ல, "எடும்மா" என்றான். அவள் எடுக்கவில்லை, எடுக்க வேண்டியதும் இல்லாமற் போயிற்று. அவன் தலைகுனிந்து, இறக்கிவைத்த பித்தளைகளைத் தானே ஒவ்வொன்றாய் மீண்டும் வண்டியில் ஏற்றினான். ஏற்றி முடித்து நாகவல்லியின்முன் வந்து நின்று, "ஊட்டுக்கு வா" என்றான்.

"வர்றேன்" என்றாள் அவள். "ஆனா இனிமே இத மறைக்க மாட்டேன். உங்க ஊரு முழுக்கப் பாக்கட்டும்."

வண்டியேறுமுன் அவள் கோதண்டத்தின் அருகே நின்றாள். சினந்து பேசவில்லை, சினந்திருந்தால் அவனுக்கு அது ஆறுதலாய் இருந்திருக்கும். "எரியுதான்னு கேட்டியே, அண்ணாத்தே. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். அவ்வளவே. அவன் மண்ணில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஆடவர் சிலர் அவன் கடைக்குள் புகுந்து, கலங்களை வெளியே இழுத்து, சாயத்தைக் குழிதோண்டிப் புதைத்தனர். அவனை யாரும் அடிக்கவில்லை. அடிப்பதற்குக் கையோங்கி வந்த வேம்புலியம்மாள், பொன்னம்மாளின் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அதன்பின் கோதண்டம் மஞ்சளுக்கே திரும்பினான். முன்னினும் செம்மையாய் ஊறவைத்து, முன்னினும் மெல்லிதாய் இடித்து, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் கொடுத்தான். காலம் செல்லச் செல்ல ஊரார் மெல்ல மெல்ல வாங்கவும் செய்தனர். வாங்காதவள் ஒருத்தி மட்டுமே. பொன்னம்மாளின் புண் ஆறிற்று; ஆறிய இடம் மங்கலாய் வெளுத்து நின்றது; அதன்மேல் அவள் மீண்டும் பொட்டு இடவில்லை. அவனுக்குச் சமைத்தாள், நோயுற்றபோது பேணினாள், மஞ்சள் புடைத்துக் கொடுத்தாள், தாலியும் கழுத்திலேயே இருந்தது. நெற்றி மட்டும் வெறிச்சென்றிருந்தது. ஒவ்வொரு நாட் காலையிலும் தன் எதிரே வந்து நிற்கும் அந்த வெறும் நெற்றியைப் பார்த்தே கோதண்டம் விழித்தான்.

"நான் உசுரோடதானே கீறேன், பொன்னு" என்று ஒருநாள் கெஞ்சினான்.

"அவங்க நெத்தி பழையபடி ஆவட்டும். நானும் வெச்சிக்கிறேன்" என்றாள் அவள்.

ஆகவில்லை. அச்சாயம் தின்ற நிறத்தைத் திருப்பித்தர நாட்டு மருத்துவராலும் சீமை மருத்துவராலும் இயலவில்லை. அவ்வூர்ப் பெண்டிர் வெள்ளை வட்டங்களோடே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, முதுமையெய்தினர். ஆண்டுகள் பல கழிந்து, கோதண்டத்துக்கு முன்னே பொன்னம்மாள் கண்மூடினாள். கணவனுக்குமுன் போகிறவளை மணப்பெண் போல் ஒப்பனைசெய்து அனுப்புவது வழக்கம்; பெண்டிர் கூடி அவளுக்கு மஞ்சள் பூசி, பட்டுடுத்தி, பூச்சூட்டினர். பட்டாபிராமிலிருந்து வந்திருந்த நாகவல்லி தலைமாட்டில் அமர்ந்திருந்தாள். கோதண்டம் தள்ளாடி எழுந்து, தான் இடித்த மஞ்சட் குங்குமச் செப்பை நாகவல்லியிடம் நீட்டினான். அவள் அச்செப்பை வாங்கினாள். சற்றுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு திறவாமலே திருப்பிக் கொடுத்தாள். "அண்ணி எங்கிட்டயும் சொல்லிக்கீது. சொன்னது சொன்னதுதான், அண்ணாத்தே" என்றாள். 

மக்கள் இல்லாதவளாதலால் கணவனே தீச்சட்டி ஏந்தி முன்னே நடந்தான். சுடுகாட்டுக்குத் திரும்பும் முன் அந்த ஊர்வலம் குமணன்சாவடியில் பெருவழியைக் கடக்கவேண்டும். வண்டிகள் ஒதுங்கி நின்றன. வெளியூர் வண்டிக்காரன் ஒருவன் தலைப்பாகையைக் கழற்றி, பாடையில் கோடித்துணியும் மாலைகளும் மூடிக் கிடந்தவளின் வெறும் நெற்றியை மட்டும் கண்டு இரங்கி, சுமந்து சென்றவர்களுள் ஒருவனிடம் கேட்டான்.

"பாவம், தாலியறுத்தவ போல கீது. முன்னால சட்டி ஏந்திகினு போறது யாரு? அண்ணனா, தம்பியா?"

"புருசன்" என்றான் சுமந்தவன்.

வண்டிக்காரன் ஒன்றும் விளங்காமல் நின்றான். கோதண்டம் அதைக் கேட்டான். கேட்டும் திரும்பிப் பாராமல், மேல்காற்றில் அவியாதபடி தீச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தான் இருந்தும் இல்லாமற்போனவனாய், அவளுக்கு முன்னே நடந்து சென்றான்.